‘காலி’ என்று கணினி சொன்னாலும் நம்பிவிடாதீர்கள்



உங்கள் வீட்டு பீரோவிலும் பழைய சிடிக்கள் கிடக்கும். 2000-க்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடம் காதுகுத்து, கல்யாணம், பள்ளி ஆண்டு விழா எல்லாவற்றையும் அவற்றில்தானே போட்டு வைத்தோம்? அதில் ‘ஆர்.டபிள்யூ.’ என்று எழுதியிருப்பவற்றை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள்.

வகுப்பில் சொல்வது போலவே சொல்கிறேன். சிடி-ஆர் என்பது மையால் எழுதிய நோட்டு. ஒரு முறை எழுதினால் எழுதியதுதான். சிடி-ஆர்.டபிள்யூ. என்பது சிலேட்டு. சுமார் 1000 முறை அழித்து எழுதலாம். அதன் உள்ளே ஓர் உலோகக் கலவைப் பூச்சு உண்டு. லேசர் அதை உருக்கிச் சட்டென்று ஆறவிட்டால் அந்தப் புள்ளி மங்கும். உருகாத அளவுக்குச் சூடாக்கினால் மறுபடி பளபளக்கும். மங்கலும் பளபளப்பும்தான் அங்கே எழுத்து.

கடையில் வாங்கிய பாட்டு சிடி தன்மேல் விழும் ஒளியில் சுமார் 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஆர்.டபிள்யூ. 15 முதல் 25 சதவீதம்தான் அனுப்பும். அதனால்தான் லேசர் தளர்ந்த டிரைவ் பாட்டு சிடியைப் படித்துவிட்டு இதில் மட்டும் திணறுகிறது. ‘வட்டு இல்லை’ என்கிறது, அல்லது ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்கிறது.

சென்ற மாதம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். “டீச்சர், அப்பா பாடின சிடி. இப்ப ஃபார்மட் பண்ணச் சொல்லுது, பண்ணட்டுமா?” அவள் அப்பா இப்போது இல்லை. அந்தக் குரல் வேறு எங்கும் இல்லை. “தொடாதே கண்ணு, வட்டை எடுத்துக்கிட்டு நேரா வா” என்றேன். என் பழைய கணினியில் மூன்று பாட்டில் இரண்டு வந்தன. மூன்றாவது பாதியில் நின்றுவிட்டது. இன்னும் இரண்டு வருடம் கழித்து வந்திருந்தால் அந்த இரண்டாவது கிடைத்திருக்குமா?

ஆகவே, இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. ‘ஃபார்மட்’, ‘எரேஸ்’ என்று எது கேட்டாலும் ‘வேண்டாம்’ கொடுங்கள்.

2. மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள். தகவல் சுருளாக எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் ஓர் எழுத்து அழிந்தால் ஊகித்துப் படிக்கலாம், முழு வரியும் அழிந்தால் முடியாது. டிரைவும் அப்படித்தான். சிடியின் பெயர் எழுதும் பக்கத்தையும் கீறாதீர்கள். பூச்சு அந்தப் பக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது.

3. வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். எழுதிய அதே டிரைவ் இருந்தால் மிக நல்லது. பதிவை முறையாக மூடாமல் விட்ட வட்டு, வேறு கணினியில் காலியாகத் தெரியலாம்.

4. யுஎஸ்பி டிரைவ் என்றால் நேரடியாகக் கணினியில் செருகுங்கள். மின்சாரம் போதாவிட்டாலும் இதே பிழைதான் வரும்.

5. அப்போதும் தெரியாவிட்டால் ஐசோபஸ்டர் போன்ற மீட்பு மென்பொருளை முயலுங்கள்.

6. ஃபைல்கள் தெரிந்தவுடன் ஒவ்வொன்றாக நகலெடுங்கள். இரண்டு இடத்தில் வையுங்கள்.

எழுதும்போது பிழை வருகிறதா? உள்ளே தேவையானது எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகு ‘ஃபுல் எரேஸ்’ கொடுங்கள். ‘குயிக் எரேஸ்’ பொருளடக்கத்தை மட்டுமே அழிக்கும். பிறகு குறைந்த வேகத்தில் எழுதுங்கள். வேக வகை முக்கியம். பழைய 4எக்ஸ் டிரைவ் ‘ஹை ஸ்பீடு’ வட்டில் எழுதாது. ஆனால் இனிமேல் முக்கியமான எதையும் ஆர்.டபிள்யூ.வில் வைக்காதீர்கள். சிலேட்டில் யாராவது பத்திரம் எழுதுவார்களா?

இப்போது வரும் லேப்டாப்புகளில் டிரைவே இல்லை. ஓடுகிற டிரைவ் யார் வீட்டிலாவது இருந்தால் கீழே கமெண்டில் ஊர் பெயரோடு சொல்லுங்கள். பக்கத்து ஊர்க்காரர்களுக்கு உதவும். நம் பள்ளி ஆண்டு விழா வட்டு யாரிடமாவது இருந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்