மடியில் ஒரு கிற்றார்

எங்களுக்கு வேண்டியிருந்தது பெடல் ஸ்டீல். கிடைத்தது அதின்ர அம்மம்மா.

பெடல் ஸ்டீல் கிற்றாரின் சத்தத்தைப் பெயர் தெரியாமலே நீங்கள் கேட்டிருப்பீர்கள். அமெரிக்கக் கன்ட்ரிப் பாட்டுகளில் பாடகர் ஒரு வரியை முடித்து மூச்செடுக்கிற இடைவெளியில் ஏதோ ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து விசும்பிவிட்டுப் போகுமே, அதுதான். பார்க்கக் கிற்றார் மாதிரியே இராது. நான்கு கால் வைத்த ஒடுங்கிய மேசை. மேலே பத்துக் கம்பி, கீழே மூன்று நான்கு பெடல், முழங்காலால் தள்ளுவதற்குத் தனியாக நெம்புகோல்கள். இடது கையில் இரும்புத் துண்டு, வலது கை விரல்களில் மாட்டிய பிக்குகள். உடம்பில் சும்மா இருக்கிற பாகம் ஒன்றுமில்லை. எங்கட அறைக்காரன் ஒருவன் முதல்முதல் வீடியோவைப் பார்த்துவிட்டு, "மச்சான், இது கிற்றார் இல்லை, தையல் மெசின்" என்றான். அவ்வளவு பிழையாகவும் சொல்லவில்லை.

நாங்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் கலைப்பீடம், திருநெல்வேலியில் ஒரே வாடகை அறை, ஒரே யூரியூப் பைத்தியம். எம்மன்ஸ், ஷோ-பட் என்ற பெயர்களை ஏதோ சொந்தக்காரர்களுடைய பெயர்கள் போலச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். அறுபதுகளில் எழுபதுகளில் செய்த நல்ல ஒன்றுக்கு அங்கேயே இரண்டாயிரம், மூவாயிரம் டொலர் கேட்கிறார்கள். கழுத்து இரண்டு வைத்தது என்றால் முப்பது கிலோ அளவில் பாரம். எங்கட மஹாபொல அப்போது மாதம் 5,000 ரூபாயாக இருந்தது. மூன்று பேரும் நாலு வருசம் ஒரு தேத்தண்ணி கூடக் குடிக்காமல் சேர்த்தால் கிற்றாருக்குச் சரி, கப்பல் கூலிக்கும் சுங்கத்துக்கும் காணாது. கணக்குப் பார்த்த இரவோடு அந்தக் கதையை விட்டுவிட்டோம்.

இரண்டு மாதம் கழித்து, கூடப் படிக்கிற பிள்ளை ஒருத்தி சொன்னாள்: "குருநகரில ஒரு மாஸ்டர் இருக்கிறார். மடியில வைச்சு அடிக்கிற கிற்றார் ஒண்டு வைச்சிருக்கிறார். விக்கப்போறாராம்."

மாஸ்டருக்கு எழுபத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் இல்லை. கொழும்பில் கிளாக்கராக இருந்தவர். ஊரில் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுத்ததில் 'மாஸ்டர்' ஆகிவிட்டார். மூன்று வருசத்துக்கு முன்னம் பாரிசவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. கட்டிலுக்குக் கீழே இருந்து அவருடைய பேத்தி இழுத்துத் தந்த பெட்டியில், கறுப்பு வார்னிஷ் வெடித்த ஒரு பலகைத் துண்டு. ஆறு கம்பி. ஜப்பான் தயாரிப்பு. பெயர்த் தகட்டில் பாதி எழுத்து இல்லை. 1969இல், அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு பறங்கிக் குடும்பத்திடம் இரண்டாம் கையாக வாங்கினாராம்.

விலை 40,000 என்றார். நாங்கள் ஆளையாள் பார்த்தோம். அதைக் கவனித்துவிட்டு, "மெல்ல மெல்லத் தாங்கோ பிள்ளையள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய மூண்டு பேரும் வரவேணும். பழகாமல் கொண்டுபோய்ச் சுவரில கொழுவுறதெண்டால் நான் தரமாட்டன்" என்றார். ரியூசன் காசு, ஒருத்தருடைய பழைய போன் விற்ற காசு, வீட்டில் பொய் சொல்லாமல் கேட்ட காசு எல்லாம் சேர்த்து 25,000 கொடுத்தோம். மிச்சம் தவணை.

இந்த இடத்தில் அந்தப் பலகையின் வரலாற்றைச் சொல்லாமல் போக ஏலாது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. எங்கட அப்பா அம்மாமார் சைக்கிளைத் திருப்பிப் போட்டுப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம். பற்றரியும் தடை. மின்சாரக் கிற்றார் ஒன்றை வைத்துக்கொண்டு அந்த ஊரில் என்ன செய்வது? கரண்ட் இல்லாமல் அதை மீட்டினால் நுளம்புச் சத்தம்தான் வரும். மாஸ்டர் அதை வீட்டுப் பெட்டகத்துக்கு மேல் வைத்து, கையால் அழுத்திப் பிடித்து வாசித்திருக்கிறார். சீலையும் காணி உறுதியும் வைக்கிற பெட்டகம் முழுதும் அதிர்ந்து, கிற்றாருக்கு வயிறாகிவிட்டது. முதலாம் கம்பி அறுந்தபோது கடையில் கம்பி இல்லை. சைக்கிள் பிறேக் வயரைப் பிரித்து, அதில் ஒரு இழையை எடுத்துக் கட்டினாராம். "கொஞ்சம் துருப் பிடிச்ச சத்தம்தான். எண்டாலும் சுதி நிண்டது."

1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் பாயில் சுற்றி, சைக்கிள் பாரில் கட்டி, நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குக் கொண்டுபோயிருக்கிறார். பழைய வால்வ் அம்பிளிபயரை வீட்டில் விட்டுவிட்டார். அடுத்த வருசம் திரும்பி வந்தபோது அம்பிளிபயரும் இல்லை, கூரையும் இல்லை. இதை அவர் கவலையாகச் சொல்லவில்லை. கூரையை விட அம்பிளிபயரைப் பற்றித்தான் கூட நேரம் கதைத்தார்.

இனிப் பழக்கம். சாதாரணக் கிற்றாரில் விரலை இரண்டு கட்டைகளுக்கு நடுவில் அழுத்தினால் கட்டை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இங்கே கட்டையே இல்லை. பலகையில் கீறிய கோடுகள் மட்டும்தான். இரும்புப் பாரைக் கோட்டுக்கு நேர் மேலே வைக்கவேண்டும். ஒரு மில்லிமீற்றர் தள்ளினால் அறையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அழுத்தவும் கூடாது, தொட்டுக்கொண்டு போகவேண்டும். பாருக்குப் பின்னால் மிச்ச விரல்களைக் கம்பியில் படுக்கப் போடாவிட்டால் பார் பட்ட இடமெல்லாம் கறகறக்கும். முதல் மூன்று கிழமையும் பக்கத்து அறை அண்ணா கதவைத் தட்டவில்லை. வேறு அறை தேடினார்.

சுதி கூட்டுவது சுகம். வழமையான கிற்றாரில் இரண்டாம், மூன்றாம், நான்காம் கம்பிகளை ஒவ்வொரு முழுத் தொனி ஏற்றினால் ஆறு கம்பியும் சேர்ந்து ஏ மேஜர். பாரை ஐந்தாம் கோட்டில் வைத்தால் டி மேஜர், ஏழாம் கோட்டில் ஈ மேஜர். யாழ்ப்பாணக் கடைகளில் வாங்குகிற சாதாரணக் கம்பியே போதும். சிக்கல் எங்கே என்றால், எல்லாம் மேஜர். உலகத்தில் சந்தோசம் மட்டும்தான் இருக்கிற மாதிரி. மைனர் வேண்டுமென்றால் பாரைச் சரித்துப் பிடிக்கவேண்டும். இரண்டாம் கம்பிக்கு ஒரு கோடு, மூன்றாம் கம்பிக்கு அதற்கு அடுத்த கோடு. மணிக்கட்டு முறியும்.

பெடல் எதற்கு வந்தது என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. நாஷ்வில்காரர்களின் பத்துக் கம்பிச் சுதியில் ஈ, ஜி ஷார்ப், பி என்று ஒரு ஈ மேஜர் இருக்கிறது. ஒரு பெடலை மிதித்தால் பி மட்டும் ஏறி சி ஷார்ப் ஆகும், கோர்ட் மைனராகிவிடும். பக்கத்துப் பெடலையும் சேர்த்து மிதித்தால் ஜி ஷார்ப்பும் ஏறி ஏ மேஜர். ஒரு சுரம் நிற்க, இன்னொரு சுரம் அதன் தோளில் ஏறிப்போவது காதுக்குக் கேட்கும். அந்த விசும்பல் இதுதான். பெடல்கள் முன்பே இருந்தன, சுதியை மாற்றுவதற்கு. கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதித்து, அந்த ஏற்றத்தை எல்லாரையும் கேட்கவைத்தவர் பட் ஐசக்ஸ். 1954இல் வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டு வந்தபிறகு மற்ற ஸ்டீல்காரர்களும் தங்கட கிற்றாரில் பெடல் பூட்ட ஓடினார்கள்.

அதற்கெல்லாம் மூலம் ஹவாய். 1880களில் ஜோசப் கெகுகு என்ற பள்ளிக்கூடப் பொடியன் கம்பியில் இரும்பை வழுக்கி வாசிக்கத் தொடங்கினான் என்பது பெரும்பாலானோர் சொல்வது. இந்தியாவில் பிறந்து கப்பலில் ஹவாய்க்குப் போய்ச்சேர்ந்த கேப்ரியல் டேவியன் என்பவர்தான் முதல் ஆள் என்று இன்னொரு கதையும் இருக்கிறது. எங்களில் ஒருவனுக்கு இந்தக் கதைதான் பிடிக்கும், ஏனென்று சொல்லத் தேவையில்லை. 1898இல் ஹவாயை அமெரிக்கா தன்னோடு சேர்த்துக்கொண்டது. நாடு போனபின் அந்த நாட்டின் சத்தம் உலகம் சுற்றியது. டாவ் மோ என்ற ஹவாய்க் கலைஞர் 1940களில் கல்கத்தாவில் குடும்பத்தோடு தங்கி வாசித்தார், படிப்பித்தார். பிறகு பிரிஜ் பூஷண் காப்ரா இதே வழுக்கலை இந்துஸ்தானிக்குள் கொண்டுபோனார். 1967இல் வந்த 'கோல் ஒஃப் த வலி' இசைத்தட்டில் சந்தூருக்கும் புல்லாங்குழலுக்கும் நடுவில் கேட்பது அவருடைய கிற்றார்.

மருதனார்மடத்தில் வயலின் படிக்கிற தோழி ஒருத்தி ஒருநாள் அறைக்கு வந்து, கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது கோட்டுவாத்தியம்தானே?" என்றாள். சரிதான். கட்டையில்லாத வீணையில் உருளையை வழுக்கி வாசிக்கிற சித்திரவீணை எங்கட பக்கத்துச் சாமான். நாங்கள் அமெரிக்காவைச் சுற்றி வந்து அதைத் தொட்டிருக்கிறோம். அவள் சொல்லித்தந்த இன்னொன்று மாஸ்டர் சொன்னதை விடப் பயன்பட்டது: "கோட்டைப் பாக்காதை. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில பாடு." மாஸ்டரிடம் இதைச் சொன்னோம். கோபிப்பார் என்றுதான் நினைத்தோம். சிரித்துவிட்டு, ஒரு வேலை தந்தார்.

வியாகுல பிரசங்கம். கோவாவில் இருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதியது. தபசு காலத்தில் கத்தோலிக்க ஊர்களில் ஒரு இராகத்தில் இழுத்து இழுத்து வாசிப்பார்கள். பாட்டும் இல்லை, வாசிப்பும் இல்லை, நடுவில் ஒரு அழுகை. மாஸ்டர் சின்ன வயதிலிருந்து தகப்பன் வாசிக்கக் கேட்டவர். அந்த இராகத்தைக் கிற்றாரில் வாசித்துப் பழகியிருந்தார். பாரிசவாதத்துக்குப் பிறகு வாசிக்கவில்லை. "ஆர்மோனியத்துக்கு இது வராது. அதுக்குக் கட்டை கட்டையாத்தான் தெரியும். இதுக்கு வரும்" என்றார். வாற பெரிய வெள்ளிக்கு முன்னம் நாங்கள் அதை வாசிக்கவேண்டும். கோயிலில் இல்லை, அவருடைய விறாந்தையில். எங்களில் இருவர் சைவம், மற்றவருக்குச் சமயமே பிடிக்காது. அதைப்பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மாரி தொடங்க அவருக்குத் திரும்பவும் சுகமில்லை. ஆசுப்பத்திரியில் பதினொரு நாள். நாலு ஞாயிறு வகுப்பு இல்லை. அந்த நாலு கிழமையும் நாங்கள் கதைக்காமல் ஒருவர் மாறி ஒருவர் முதல் அடியை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தோம். போனில் பதிந்து பேத்தியின் வட்ஸ்அப்புக்கு அனுப்பினோம். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. நீலச் சரி விழுந்திருக்கிறதா என்று மாறி மாறிப் பார்த்தோம். இரவு ஒன்பது மணிக்கு ஒரு குரல் பதிவு வந்தது. வாய் கொஞ்சம் குழறியது. இரண்டு தரம் கேட்டுத்தான் விளங்கியது: "மூண்டாம் கம்பி சுதி இறங்கி நிக்குது. ஏத்திப்போட்டு அனுப்புங்கோ."

ஏற்றினோம். அனுப்பினோம்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். பேச்சு முந்தியைவிட மெதுவு. பழுது பார்க்கிற கடையில் பிடித்த ஒரு சின்ன அம்பிளிபயரை அவருடைய காலடியில் வைத்து வாசிக்கிறோம். பிழை விட்டால் வலது கையால் கதிரைக் கையில் தட்டுவார். போன கிழமை, பெடல் இல்லாமல் பெடல் சத்தம் எடுக்கிற ஒரு வித்தை காட்டித் தந்தார்: பார் முன்னால் நிற்க, மோதிர விரலால் பாருக்குப் பின்னால் கம்பியை இழுத்தால் அந்தச் சுரம் மட்டும் ஏறும். அவரால் செய்து காட்ட ஏலாது என்பதால் எங்களில் ஒருத்தருடைய மோதிர விரலை வலது கையால் பிடித்து, இவ்வளவுதான், இதற்கு மேலே வேண்டாம் என்று இழுத்துக் காட்டினார். விரல் இன்னும் நோகிறது.

இரண்டு அடி வந்துவிட்டது. மூன்றாவது அடியில் குரல் உடைந்து கீழே இறங்குகிற ஒரு இடம் இருக்கிறது, அங்கே பார் நடுங்கவேண்டும், ஆனால் கூட நடுங்கக்கூடாது. மூன்று பேரில் யார் அன்றைக்கு வாசிப்பது என்று இன்னும் முடிவில்லை. ஒருத்தருக்கு யூனில் கட்டார் போக விசா சரிவந்திருக்கிறது, ஆகவே அவருக்குத்தான் கொடுக்கவேண்டும் என்று இருவர் சொல்கிறோம். அவர் வேண்டாம் என்கிறார். ஞாயிறு திரும்பவும் போகிறோம். தவணையில் இன்னும் 7,500 ரூபாய் பாக்கி.