கல்லோடு குடியிருந்தவர்கள்

ஏதென்ஸுக்கு மூன்று நாள் போய்வரத் திட்டம் போடுவதென்றால் இப்போது முதலில் கைபேசியைத்தான் கையிலெடுக்க வேண்டியிருக்கிறது, அக்ரோபோலிஸ் குன்றில் ஏற நாளும் மணியும் குறித்துச் சீட்டு வாங்கியாக வேண்டும், 2023 முதல் நாளொன்றுக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்துவிட்டார்கள், கோடை வெயில் எல்லை மீறினால் நடுப்பகலில் குன்றையே மூடிவிடுகிறார்கள். முன்பு ஐந்து நாள் செல்லும் ஒரே சீட்டு உண்டு, அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பழைய சந்தைவெளியான அகோராவுக்கும் கெராமெய்கோஸ் இடுகாட்டுக்கும் நினைத்தபோது நுழையலாம், அந்தச் சீட்டையும் நிறுத்திவிட்டார்கள். இப்படி மணி பார்த்து நாளை நறுக்கிக்கொண்டிருந்த வேளையில், பக்கத்தில் யாரோ பீட்சாவோடு வந்த ஓரிகானோ பொட்டலத்தைக் கிழித்தார்கள், பழசாகிப்போன மெலிந்த வாசனைதான், ஆனாலும் அது என்னை எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விட்டது.

சிசிலியின் சிரக்யூஸ் நகரம், ஓர்டிஜா தீவு, அங்கே அப்பல்லோ கோயில் இடிபாட்டை ஒட்டியே காலைச் சந்தை நடக்கும், கி.மு. ஆறாம் நூற்றாண்டுத் தூண்களின் அடிக்கட்டைகளுக்கு அருகிலேயே வாள்மீனைத் துண்டு போட்டு விற்பார்கள். அந்த மீன்வாடைக்கு நடுவே ஒரு பெரியவர் ஓரிகானோவைப் பூவும் காம்புமாகக் கட்டிக் கட்டித் தொங்கவிட்டிருந்தார், யாரும் கேட்காமலே ஒரு காம்பை உருவி உள்ளங்கையில் கசக்கி மூக்கருகே நீட்டினார், கொல்லையில் நிற்கும் கற்பூரவள்ளியை வெயிலில் காயவைத்துக் காரத்தை இரட்டித்தது போன்ற வாசம், வாங்கிய என் விரல்களில் மாலை வரை நின்றது. அந்த விரல்களோடுதான் அவ்வூர்ப் பேராலயத்துக்குள் போனேன். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் அதீனா தெய்வத்துக்குக் கட்டிய கோயில் அது, பின்னால் கி.பி. ஏழாம் நூற்றாண்டில் தூண்களுக்கு இடையே சுவர் அடைத்து மாதாகோயிலாக்கினார்கள், 1693 நிலநடுக்கத்துக்குப் பிறகு முகப்பைப் புதிதாக எழுப்பினார்கள், ஆனால் அந்த டோரிக் தூண்கள் இன்றும் சுவருக்குள் பாதியும் வெளியே பாதியுமாக நிற்கின்றன. பூசைக்கு வந்த மூதாட்டி ஒருவர் காய்கறிப் பையைத் தூணடியில் சாய்த்துவிட்டு, அதே தூணில் முதுகைக் கொடுத்து மூச்சு வாங்கினார், சால்வையின் நுனி கல்லின் வரிப்பள்ளத்தில் போய்ப் படிந்தது, 2,500 ஆண்டு என்ற கணக்கெல்லாம் அவருக்கு எதற்கு, கல் குளிர்ச்சியாக இருந்தது, சாய்ந்துகொண்டார். நான் பார்த்த கிரேக்கக் கோயில்களில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது என்று சொல்ல எனக்கு அது ஒன்றுதான் தோன்றுகிறது.

அவரை நினைத்தால் ஏதென்ஸின் அனஃபியோத்திகா நினைவுக்கு வந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓத்தோ மன்னருக்கு அரண்மனை கட்ட ஏதென்ஸுக்கு வந்த அனஃபி தீவுக் கொத்தர்கள், அக்ரோபோலிஸ் பாறையின் வடகிழக்குச் சரிவில் தங்கள் தீவைப் போலவே வெள்ளையடித்துக் குடியேறிய தெரு அது, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வாசலில் ஒதுங்க வேண்டும். ஒரு காலையில் கறுப்புடை உடுத்திய பாட்டி ஒருவர் குந்தியிருந்து படிகளின் ஓரத்துக்குச் சுண்ணாம்பு தீட்டிக்கொண்டிருந்தார், ஈரச் சுண்ணாம்பின் நெடி, பக்கத்தில் ஆலிவ் எண்ணெய்த் தகரத்தில் வளர்த்த திருநீற்றுப்பச்சை, வேலைக்கு நடுவே அதன் தலையை ஒருமுறை தடவி விரலை முகர்ந்துகொண்டு மறுபடி தூரிகையை எடுத்தார், மேலே பார்த்தீனான் கோயில் இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அதே ஏதென்ஸில் கெராமெய்கோஸ் இடுகாட்டுக்கு வருகிறவர்கள் குறைவு. எரிதானோஸ் என்ற சிற்றோடை புல்லுக்கு நடுவே ஊர்ந்துபோகும், புனிதப் பாதையின் ஓரமாக ஆமைகள் திரியும், காவலுக்கு இருந்த பெரியவர் கொம்போலோய் மணிமாலையைப் பையில் போட்டுவிட்டு, நடைபாதையில் அகப்பட்ட ஓர் ஆமையை இரண்டு கையாலும் தூக்கி நிழலில் விட்டதைப் பார்த்திருக்கிறேன். அங்கேதான் ஹெகெசோவின் நினைவுக்கல் நின்றது, கி.மு. 400-ஐ ஒட்டிய சிற்பம், நாற்காலியில் அமர்ந்த பெண் பணிப்பெண் நீட்டிய பெட்டியிலிருந்து ஒரு நகையை எடுத்துப் பார்க்கிறாள், அந்த நகையை வண்ணத்தில் மட்டுமே தீட்டியிருந்தார்கள், வண்ணம் போய்விட்டது, இப்போது அவள் விரல்கள் வெறுங்காற்றைப் பிடித்திருக்கின்றன, அவள் பார்வை மட்டும் மாறவில்லை. மூலச் சிற்பம் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இடுகாட்டில் நிற்பது வார்ப்புப் பிரதி, பாதுகாக்க அதுதான் வழி என்று தெரிந்தாலும், வெயில் படாத அறையில் அவளைப் பார்க்கும்போது மனம் ஒட்டுவதில்லை.

ஆகவே திட்டத்தை மாற்றிவிட்டேன். கோடை வேண்டாம், நவம்பர் போதும். முதல் காலை கெராமெய்கோஸுக்கு, அக்ரோபோலிஸுக்குக் கடைசி நாள், அதுவும் கதவு திறக்கும் நேரத்துக்கு. டெல்ஃபி பெரிய இடம்தான், ஆனால் போகவர ஐந்தாறு மணி நேரம் பேருந்திலேயே கழியும், மூன்று நாளில் ஒன்றை அதற்குக் கொடுக்க மனமில்லை. தங்க அறை திஸ்ஸியோ பக்கம் தேடுகிறேன், அங்கிருந்து இடுகாட்டுக்கு நடந்தே போய்விடலாம், தெருவோரக் காப்பிக்கடையில் பெரியவர்கள் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்குப் பக்கத்து மேசை காலியாக இருந்தால் எனக்கு அதுவும் பயணத்தில் சேர்த்திதான்.