நாணத்தின் விலை

பெண்ணுக்குரிய குணங்கள் நான்கென்று எண்ணி வைத்தார்கள் நம் முன்னோர்: அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு. இவற்றுள் மடத்தைப் பள்ளிக்கூடம் விரட்டிற்று. அச்சத்தைத் தொழிற்சாலையும் அலுவலகமும் ஒருவாறு போக்கின. பயிர்ப்பென்றால் யாதென்று இன்றைய பெண்மக்களுள் நூற்றுக்கு ஒருவர் சொல்வாரோ என்பதும் ஐயமே. நாணம் ஒன்று மட்டும் இன்னும் நம் வீடுகளிற் குடியிருக்கிறது. உடையிலும் பேச்சிலும் அது எவ்வளவோ மாறிவிட்டது; ஒரு மாலைப்பொழுது சிராங்கூன் சாலையில் நின்று பார்ப்போர் இதனை ஒப்புவர். ஆயினும் மருத்துவர் அறையின் திரைக்குப் பின்னே அது பாட்டி காலத்து நாணமாகவே நிற்கிறது. அந்த நாணத்தைப் பற்றியே இங்கு எழுதத் துணிந்தேன்.

தேக்காச் சந்தையிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருப்பது கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை. அம்மலாய்ச் சொல்லுக்கு எருமைத் தொழுவம் என்பது பொருள். ஒரு காலத்தில் அப்பகுதி முழுதும் மாடுகள் கட்டிய இடம்; எருமைச் சாலை என்னும் பெயர் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கிறது. 1924ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் அங்கே பிள்ளைப்பேற்று மருத்துவமனை திறக்கப்பட்டது. 1966ஆம் ஆண்டில் மட்டும் அதன் சுவர்களுக்குள் 39,835 குழந்தைகள் பிறந்தன. நாளொன்றுக்கு நூற்றுக்கு மேல்! உலகிலேயே அவ்வளவு பிள்ளைகள் பிறந்த மருத்துவமனை வேறில்லையென்று கின்னஸ் நூல் அதனைக் குறித்துக்கொண்டது. 1997இல் மருத்துவமனை சாலைக்கு அப்பால் எழுந்த புதுக் கட்டடத்திற்குப் பெயர்ந்தது. நம் அன்னையர் வலியிற் கதறிய பழைய கட்டடங்களில் இப்பொழுது போக்குவரத்து அதிகாரிகள் வேலை பார்க்கின்றனர்.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன்? மருத்துவமனை நம் பெண்களுக்குப் புதிதன்று என்பதற்காக. பிள்ளைப்பேற்றுக்கென்றால் நாணத்தை வாயிலில் வைத்துவிட்டு உள்ளே போயினர். கணவன் போகச் சொன்னான். மாமியார் போகச் சொன்னாள். ஊரும் போகச் சொல்லிற்று. வயிற்றிற் பிள்ளை இருக்கும்வரை அவள் உடல் குடும்பத்தின் சொத்து. பிள்ளை இறங்கிவிட்டால் அதே உடல் யாருக்கும் வேண்டாத பண்டமாகி விடுகிறது. பிள்ளைக்காகப் பலமுறை ஏறிய படியைத் தனக்காக ஒருமுறையேனும் ஏறிய தாய்மார் நம்முள் எத்தனை பேர்?

என் சின்னம்மா ஐந்து பிள்ளைகளையும் அங்கேதான் பெற்றார். நான்காவது பிள்ளை அந்த 39,835 பேருள் ஒருவன். ஐந்தாம் பிள்ளைக்குப் பின் அவர் எந்த மருத்துவமனைக்கும் தம் பொருட்டுச் சென்றதில்லை. சித்தப்பாவின் நீரிழிவுக்கும் பேரப்பிள்ளைகளின் காய்ச்சலுக்கும் போனார், வரிசையில் நின்றார், மருந்துப் பையைச் சுமந்து வந்தார். 1993ஆம் ஆண்டில் அவருக்கு வயது ஐம்பத்தேழு. மாதவிலக்கு நின்று ஆண்டுகள் பல கடந்திருந்தும் மீண்டும் உதிரம் கண்டது. கறைபட்ட துணியை எல்லாரும் உறங்கிய பின் கசக்கிக் குளியலறைக்குள்ளேயே காயவைத்தார். இவ்வாறு ஏழு திங்கள். இடுப்பு வலி தாங்க முடியாமற் போன பிறகே மூத்த மகளிடம் வாய் திறந்தார். அப்பொழுதும் அவர் கேட்டது நோயைப் பற்றியன்று. “அதையெல்லாம் டாக்டரிடம் எப்படியம்மா காட்டுவது? அவர் ஆண்பிள்ளையாயிற்றே!” என்றார்.

கருப்பைவாய்ப் புற்றுநோய் என்றார்கள். அது அண்டை உறுப்புகளிலும் பற்றியிருந்தது. கதிர்வீச்சு வைத்தியம் நடந்தது. பதினான்கு மாதம் இருந்து இறந்தார். சித்தப்பா நல்லவர், துறைமுகத்திற் பாரம் தூக்கிச் சேர்த்த பணத்தையெல்லாம் செலவிட அணியமாயிருந்தார். செலவிட்டுப் பயனுள்ள காலம் போய்விட்டது. சாவு வீட்டில் உறவினர் விதி என்றனர். ஒருத்தி செய்வினை என்றாள். விதிக்கும் செய்வினைக்கும் இதிற் பங்கு யாதும் இல்லை. இந்நோய் எப்படி வருகிறது, எவ்வளவு காலங்கழித்து வருகிறது என்பது இன்று ஐயமறத் தெரிந்த செய்தி.

கருப்பையின் வாயில் எச்.பி.வி. என்னும் நுண்கிருமி தொற்றுவதே ஏறக்குறைய எல்லா நேர்வுகளுக்கும் மூலம். ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்டு சுர் ஹவுசன் இதனைக் கண்டறிந்து 2008இல் நோபெல் பரிசு பெற்றார். இக்கிருமி உடலுறவால் தொற்றுவது, மிகப் பரவலானது. கணவன் ஒருவனையன்றி வேறொருவரை அறியாத பெண்ணுக்கும் அவன் வழியே வரக்கூடும். ஆகலின் நோயுற்றவளின் ஒழுக்கத்தை ஐயுறுவோர் தம் அறியாமையையே பறைசாற்றுகின்றனர். பெரும்பாலோர் உடலில் இக்கிருமி இரண்டோர் ஆண்டுகளில் தானே அழிகிறது. சிலரிடம் மட்டும் தங்கி, அங்குள்ள தசையை மெல்ல மெல்லத் திரித்து, பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துப் புற்றாகிறது. அந்த நெடிய காலத்தில் வலியில்லை, உதிரமில்லை, யாதொரு குறியுமில்லை. “எனக்குத்தான் ஒன்றுமில்லையே, நான் ஏன் போகவேண்டும்?” என்று கேட்கும் சகோதரிகளுக்கு இதுவே விடை. ஒன்றும் தெரியாத அக்காலத்திற்றான் நோயை முளையிலே கிள்ள முடியும். என் சின்னம்மா உதிரத்தைக் கண்டபோது நோய்க்கு வயது பத்துக்கு மேலாகியிருக்கும்.

முளையிலே காணும் வழியும் புதிதன்று. பாப்பனிகொலாவு என்னும் கிரேக்க மருத்துவர் அமெரிக்காவிலிருந்து இதுபற்றி நூல் வெளியிட்ட ஆண்டு 1943. அந்நாளில் சிங்கப்பூர் ஜப்பானியர் பிடியிற் கிடந்தது. மரவள்ளிக் கிழங்குக்கு வரிசையில் நின்ற நம்மவர்க்கு அச்செய்தி எட்டியிராது. கருப்பைவாயிலிருந்து சிறிது கசிவை வழித்தெடுத்துக் கண்ணாடித் துண்டிலே தடவி நுண்ணாடியிற் பார்ப்பதே அவர் முறை. சில நிமிடத்து வேலை.

நுண்ணாடியும் ஆய்வுக்கூடமும் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று கேட்கலாம். அதற்கு விடை நம் தாயகத்திலிருந்தே வந்தது. திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில், 2000ஆம் ஆண்டு தொடங்கி, டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணனும் கூட்டாளிகளும் ஒரு பெருஞ் சோதனை நடத்தினர். முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயது வரையிலான பெண்களைக் கிராமத்து முகாம்களுக்கு அழைத்தார்கள். அங்கே அவர்களைப் பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற தாதியர். அவர்கள் கையிலிருந்த கருவி யாது? காடி! ஊறுகாய்க்கு ஊற்றுகிறோமே, அந்தக் காடியின் புளிப்பைத் தரும் அமிலத்தை நீரிற் கலந்து கருப்பைவாயிற் பஞ்சால் ஒற்றினர். ஒரு நிமிடத்திற் கெட்ட தசை வெளுத்துக் காட்டும். வெளுத்த இடத்தை மேலும் ஆராய்ந்து, தகுந்தவர்க்கு அன்றைக்கே குளிரூட்டி உறைய வைத்து அழித்தனர். அழைக்கப்பட்ட 49,000 பேருக்கு மேற்பட்டோருள் 31,343 பேர் வந்தனர். 2007இல் முடிவு வெளியாயிற்று: இவ்வாறு அழைக்கப்படாத கிராமங்களோடு ஒப்பிட, கருப்பைவாய்ப் புற்று நூற்றுக்கு இருபத்தைந்து குறைந்திருந்தது, அதனால் நேரும் சாவு நூற்றுக்கு முப்பத்தைந்து குறைந்திருந்தது. அங்கும் மூவரில் ஒருவருக்கு மேல் வரவில்லை என்பதையும் கவனிக்க. கூலி போய்விடுமே என்று சிலர் தயங்கியிருப்பர். எஞ்சியோரைத் தடுத்தது எதுவென்பதை நம் வீட்டுப் பெண்களைக் கேட்டாலே தெரியும்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் அடையாற்றிற் புற்றுநோய் நிலையத்தை நிறுவினார். தேவதாசி முறைக்கு எதிராகச் சட்டசபையிற் பேசிய அதே அம்மையார்தான். இரண்டு தொண்டையும் அவர் வெவ்வேறாக எண்ணியிரார் என்பது என் கருத்து. பெண்ணின் உடல் பெண்ணுக்கே உரியது என்பவர், அதனைக் காக்கும் வழியையும் அவள் கையிற் கொடுக்கத்தானே வேண்டும்?

சிங்கப்பூருக்கு வருவோம். இங்கே நாடு தழுவிய மார்பகச் சோதனைத் திட்டம் 2002இலும், கருப்பைவாய்ச் சோதனைத் திட்டம் 2004இலும் தொடங்கின. உடலுறவு கொண்ட பெண்கள் இருபத்தைந்து முதல் இருபத்தொன்பது வயது வரை மூன்றாண்டுக்கு ஒருமுறை பாப் சோதனையும், முப்பது வயதுக்கு மேல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எச்.பி.வி. சோதனையும் செய்துகொள்ள வேண்டுமென்பது இங்குள்ள விதி. ஐந்தாண்டுக்கு ஒருமுறை! தீபாவளிப் புடவைக்கு ஆண்டுதோறும் கடை கடையாய் ஏறுவோர்க்கு இது பெரும் பாரமாகாது. 2023இல் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்திற் பெயர் பதிந்த குடிமக்களுக்குத் தாம் தேர்ந்த மருந்தகத்தில் இச்சோதனை கட்டணமின்றியே நடக்கிறது. பெண் மருத்துவர் வேண்டுமென்றால் கேட்டுப் பெறலாம், கேட்பதிற் குற்றமில்லை. மார்பகத்திற்கு ஐம்பது முதல் அறுபத்தொன்பது வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் எடுக்கச் சொல்கிறார்கள். நாற்பதுகளில் இருப்போர் மருத்துவரோடு கலந்து முடிவு செய்யலாம். அதில் வலி சிறிது உண்டு. இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

2019 முதல் உயர்நிலைப்பள்ளி முதலாண்டு மாணவியர்க்கு எச்.பி.வி. தடுப்பூசி பள்ளியிலேயே போடப்படுகிறது. இதைப் போட்டாற் பெண் கெட்டுவிடுவாள் என்று சில பெற்றோர் முணுமுணுக்கின்றனர். அம்மை குத்திக்கொண்டவர்கள் அம்மைநோயை விரும்பி அழைத்தார்களா? மகளின் ஒழுக்கம் ஓர் ஊசியில் தொங்குகிறதென்று எண்ணும் தந்தைக்குத் தம் வளர்ப்பில் அவ்வளவுதான் நம்பிக்கை போலும். ஊசி போட்டுக்கொண்டவர்களும் வயது வந்தபின் சோதனைக்குப் போகவேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

கரைக்கு அப்பாலுள்ள தோட்டத்துச் சகோதரிகளுக்கும் ஒரு சொல். பிரட்டுக்கு நின்று, பால் வெட்டி, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்ட தலைமுறைக்குத் தோட்டத்து டிரெசரே சகல நோய்க்கும் வைத்தியர். அவரிடம் இதைச் சொல்லவியலுமா? சொல்லாமலே மாண்டவர்கள் பலர். மலேசியாவில் 2010 முதல் பதின்மூன்று வயதுச் சிறுமியர்க்குப் பள்ளியிலே தடுப்பூசி உண்டு. 2018இல் மலாயாப் பல்கலைக்கழகத்தார் ‘ரோஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கினர். அதில் யாருக்கும் எதையும் காட்டவேண்டுவதில்லை. பஞ்சு சுற்றிய குச்சி ஒன்றைத் தருவர். திரைக்குப் பின்னே நின்று பெண் தானே கசிவை எடுத்துக் கொடுத்துவிடலாம். முடிவு கைபேசிக்கு வரும். கிருமி இருந்தால் மருத்துவமனைக்கு வழிகாட்டுவர். நாணத்தை வையாமல் அதனோடு உடன்பாடு செய்துகொண்ட இந்த ஏற்பாடு எனக்குப் பெரிதும் பிடித்திருக்கிறது. நாணம் போகும்வரை காத்திருக்க நோய்க்குப் பொறுமையில்லை.

ஆண்மக்களுக்கும் இதில் வேலையுண்டு. மனைவி சோதனைக்குப் போகும் நாளிற் சமைப்பதும், பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதும் அவ்வளவு கடினமான காரியங்களல்ல. “போய்விட்டு வந்தாயா?” என்று ஒரு வார்த்தை கேட்டாலும் போதும், நம் வீடுகளில் அதைக்கூடக் கேட்பாரில்லை.

நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்களை யார் கேட்கிறார்கள்? தமிழ்நாட்டிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்த பணிப்பெண்கள் ஆறு திங்களுக்கு ஒருமுறை மருத்துவரிடம் போகத்தான் போகிறார்கள். அங்கே பார்ப்பது அவள் கருவுற்றிருக்கிறாளா, தொற்றுநோய் உண்டா என்பவற்றை. உடலிற் காயக்குறி உண்டா என்பதையும் அண்மைக் காலமாகப் பார்க்கின்றனர். அவளைப் பற்றிப் பிறருக்குத் தெரியவேண்டியவை பெரும்பாலும் அதிலே அடங்கிவிட்டன. கருப்பைவாய்ச் சோதனை அதில் இல்லை. வேண்டுமாயின் தன் பணத்தில், தன் ஓய்வு நாளில் அவள் போகவேண்டும். போகலாமென்பதே பலருக்குத் தெரியாது. எங்கள் அடுக்குமாடியில் ஒரு குடும்பத்தார் சென்ற ஆண்டு தம் வீட்டுப் பெண்ணுக்கு அரைநாள் விடுப்பும் மருந்தகக் கட்டணமும் கொடுத்து அனுப்பினர். முப்பத்தெட்டு வயது, ஊரில் இரண்டு பிள்ளைகள். திரும்பி வந்தவளை என்னவாயிற்று என்று மின்தூக்கியில் விசாரித்தேன். “டாக்டரம்மா தமிழிலேயே பேசினாங்க அக்கா,” என்றுதான் முதலிற் சொன்னாள்.