பச்சை பிடித்த போர்டு

ஜூன் 9
கம்பெனியில் எங்கள் லைனை நிறுத்திவிட்டார்கள். போன் வந்தால் வேலைக்கு வந்தால் போதுமாம். ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஸ்ரீபெரும்புதூர் மாமா வீட்டுக்கு வந்துவிட்டேன். கை சும்மா இருந்தால் மனசு எங்கெங்கோ போகிறது. பரணிலிருந்து மாமாவின் 486 கம்ப்யூட்டரை இறக்கினேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் டிடிபி கடை வைத்திருந்தபோது வாங்கியது. கம்பெனிகள் வரத் தொடங்கிய புதிதில் வேலை கேட்டு வந்தவர்களின் மனுக்களை எல்லாம் இதில்தான் அடித்தாராம்.

ஜூன் 10
மூடியைக் கழற்றியதுமே தெரிந்துவிட்டது. கீபோர்டு செருகும் இடத்தை ஒட்டி 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி. மெஷின் அணைந்திருக்கும்போதும் தேதியும் செட்டிங்கும் அழியாமல் காக்க வைத்தது. அது கசிந்து, சுற்றிலும் பச்சையாகப் பூத்துக் கிடக்கிறது. கசிவில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. பரணில் சும்மா கிடந்தாலும் செம்பை அரித்துக்கொண்டே இருக்கும். பேட்டரியை வெட்டி எடுத்தேன். காரத்தை முறிக்க வினிகர், பிறகு தண்ணீர், கடைசியில் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்). பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்கப் பச்சை போனது. கூடவே சில செம்புக் கோடுகளும் போயின.

ஜூன் 11
போன் வரவில்லை.

ஜூன் 15
லைனில் கூட வேலை பார்க்கும் தம்பி வந்தான். "எதுக்குக்கா இந்தப் பாடு? ஹார்டு டிஸ்க்கைக் கழட்டி லேப்டாப்ல போட்டா அந்த மனு ஃபைலெல்லாம் வந்துடுமே."
ஃபைல் வரும், தமிழ் வராது. அப்போது ஒவ்வொரு தமிழ் மென்பொருளுக்கும் ஒவ்வொரு குறியீடு. டாம், டாப் என்று தமிழக அரசு தரப்படுத்தியதே 1999-ல்தான். மாமாவின் மென்பொருளுக்குப் பூட்டு வேறு: பிரின்டர் போர்ட்டில் செருகும் ஒரு சின்ன டப்பா. இந்த மெஷினிலேயே திறப்பதுதான் நேர் வழி.

ஜூன் 16
லைனில் நான் பழுதான போர்டுகளைச் சரிசெய்யும் ரீவொர்க் பார்க்கிறவள். அங்கே ஈயமில்லாத சால்டர், 217 டிகிரி தாண்டினால்தான் உருகும். இந்தப் பழைய போர்டில் இருப்பது ஈயம் கலந்தது, 183-லேயே இளகிவிடும். அயர்ன் சூட்டைக் குறைத்தேன். மெல்லிய எனாமல் கம்பியின் நுனியைச் சுரண்டி, ஐசி காலில் ஒரு முனை, கோடு அறுந்த இடத்துக்கு அப்பால் மறு முனை. மல்டிமீட்டர் கத்தியதும் அடுத்த கோடு. லைனில் ஒரு போர்டுக்கு இத்தனை நிமிடம்தான், தாண்டினால் ஸ்கிராப் பெட்டி. இங்கே பொழுது சாயும் வரை ஒரே போர்டோடு உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 20
பக்கத்து வீட்டு அக்கா ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் வேலை பார்த்தவர். 2006-ல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலை 2014 நவம்பர் 1-ல் நின்றது. "பேட்ஜை இன்னும் வச்சிருக்கேன்டி" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 23
பீப்! திரையில் மெமரி எண்கள் ஓடின. மாமா சட்டைகூடப் போடாமல் ஓடி வந்தார். அடுத்த வரி, கீபோர்டு எர்ரர். பேட்டரிக்குப் பக்கத்திலிருந்த கீபோர்டு கன்ட்ரோலரின் கால்களையும் கசிவு தின்றிருக்கிறது.
"அந்த ஐசி கிடைக்குமாம்மா?"
"சென்னை ரிச்சி தெருவுல தேடணும் மாமா."
சாயங்காலம் போன் வந்தது. திங்கள் முதல் நைட் ஷிப்ட், பாதிப் பேருக்கு மட்டும். லிஸ்டில் என் பெயர் இருக்கிறதா என்று நாளைக்குச் சொல்வார்களாம்.

உங்கள் வீட்டுப் பரணில் 386, 486 ஏதாவது இருந்தால், கரன்ட் கொடுத்துப் பார்க்கும் முன் மூடியைத் திறந்து அந்தப் பேட்டரியை வெட்டி எடுத்துவிடுங்கள்.