சிராய் குத்தாத பெயர்

வீட்டில் சும்மா கிடக்கும் ஆண்பிள்ளை என்ன செய்வான்? மெஷின் வாங்குவான். நானும் வாங்கினேன். மேஜை மேல் வைக்கிற குட்டி சி.என்.சி. ரவுட்டர். கம்ப்யூட்டரில் எழுத்தைக் கொடுத்தால், 'வி' வடிவ முனையுள்ள பிட் சுழன்று சுழன்று மரத்தில் பள்ளம் பறித்து எழுதிவிடும். விளம்பரத்தில் அப்படித்தான் காட்டினார்கள்!

அக்கா புது வீடு கட்டியிருந்தாள். வாசலில் அம்மா பெயரில் பலகை. ஊரில் இடித்த பழைய வீட்டின் கதவிலிருந்து ஒரே ஒரு தேக்குப் பலகையை எடுத்து வைத்திருந்தாள். "நீயே செதுக்கிக் குடுடா" என்றாள். கெடுத்தால் இன்னொன்று கிடையாது.

நல்லவேளை, முதலில் பேக்கிங் பெட்டிக் கட்டையில் ஒத்திகை பார்த்தேன். 'இல்லம்' என்ற வார்த்தை, மழையில் நனைந்த பூனை மாதிரி ஓரமெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நின்றது. மகள் தடவிப் பார்த்து, "ஆ!" என்று விரலை உதறினாள். சிராய்.

பிட் மழுங்கியிருக்கும் என்று புதுசு மாட்டினேன். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். மெதுவாக ஓட்டினால் நைஸாக வருமென்று வேகத்தைக் குறைத்தேன். ஓரம் கருகியது!

நான் படித்தது பி.காம். கணக்கு உட்காராவிட்டால் ஒரே நேரத்தில் நாலு பதிவைத் திருத்தக் கூடாது என்பது எங்களுக்குப் பாலபாடம். பேப்பர், பேனா எடுத்தேன். நிமிஷத்துக்கு 10,000 சுற்று, பிட்டில் 2 வெட்டு விளிம்பு. ஆக 20,000 வெட்டு. பிட் நிமிஷத்துக்கு 1,000 மி.மீ. நகர்ந்தால் ஒரு வெட்டுக்கு 0.05 மி.மீ. நான் வைத்திருந்தது 200. அதாவது 0.01 மி.மீ. அது வெட்டல் இல்லை சார், உரசல்! ஆழத்தைக் குறைத்து இரண்டு மூன்று தடவையாக வெட்டச் சொல்லி, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டினேன். கருகல் நின்றது.

அடுத்து, மெஷினை அணைத்துவிட்டு மோட்டாரைக் கையால் பிடித்து அசைத்தேன். லொடலொட. ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. முடுக்கியதும் கோடு நெளிவது போயிற்று. ஆனாலும் 'ல'வின் சுழியில் ஒரு பக்கம் மட்டும் சிலும்பல் போகவே இல்லை.

தெருமுனை ஆசாரியிடம் கொண்டுபோனேன். கட்டைவிரலால் ஒரு தடவு. "தம்பி, இந்தப் பக்கம் நாரோட போயிருக்கு. அந்தப் பக்கம் நாரை எதுத்துக் கிழிச்சிருக்கு. நம்ம எழுத்து பூரா வளைவுதானே, எப்படியும் ஒரு பக்கம் எதுக்கத்தான் செய்யும்."

அவர் சொன்ன மருந்து எளிமை. செதுக்குமுன் பலகையை இழைத்து சாண்டிங் சீலர் பூசி நன்றாகக் காயவிடணும். நார் விறைத்து நிற்கும், கிழியாமல் அறுபடும். நான் சேர்த்துக்கொண்டது, கடைசியாக அதே பாதையில் மயிரிழை ஆழம் கூட்டி இன்னொரு ஓட்டம். பிறகு உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி மேலாக ஒரு தேய்ப்பு. விரலால் தேய்த்தால் எழுத்தின் கூர்மை போய்விடும். பள்ளத்துக்குள் இருக்கும் தூசுக்குப் பழைய டூத் பிரஷ்.

பலகை மட்டமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். 90 டிகிரி பிட்டில் பலகை அரை மில்லிமீட்டர் மேடாக இருந்தால், கோடு 1 மி.மீ. தடித்துவிடும். ஒரே பெயரில் ஓர் எழுத்து குண்டு, ஓர் எழுத்து ஒல்லி!

தேக்கைக் கொடுத்ததும் ஆசாரி முதலில் அதன்மேல் ஒரு காந்தத்தை ஓட்டினார். உள்ளே உடைந்த ஆணி ஒன்று! அதில் மோதியிருந்தால் பிட் தெறித்திருக்கும். "பழைய மரம்னா முதல்ல அதை விசாரிக்கணும். மெஷினை அப்புறம் விசாரிக்கலாம்" என்றார். ஆணியைப் பிடுங்கிய ஓட்டை எழுத்துக்கு வெளியே, ஓரமாகப் போனது. அடைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அம்மா சாவிக்கொத்து மாட்டிய ஆணி அது.

கிரகப்பிரவேசத்தன்று, கூட்டம் குறைந்த நேரத்தில் அக்கா தனியாகப் பலகை அருகே நின்றாள். அம்மா பெயரை முதல் எழுத்திலிருந்து கடைசி வரை விரலால் மெதுவாகத் தடவினாள்.

எங்கேயும் குத்தவில்லை. ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.