அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜை

பேய்ப் படம் என்றால் நமக்குச் சிரிப்புத்தான் வருவது வழக்கம். வெள்ளைப் புடவையும் விரித்த கூந்தலும் சலங்கைச் சத்தமும் நம்மை ஒன்றும் செய்வதில்லை. அப்பேர்ப்பட்ட நம்மையும் ஓர் இரவு விளக்கை அணைக்கவொட்டாமல் செய்துவிட்டது ஓர் அமெரிக்கப் படம். இத்தனைக்கும் அதில் பேயே கிடையாது. ஒரு குடும்பம் இருக்கிறது, அவ்வளவுதான்.

'டெக்ஸாஸ் செயின் ஸா மாஸக்கர்' என்பது படத்தின் பெயர். டோப் ஹூப்பர் என்னும் 30 வயது இளைஞர் 1973-ம் வருஷக் கோடையில், கொளுத்தும் வெயிலில், அதிகம் பேர் அறியாத நடிகர்களை வைத்து எடுத்தது. 1974-ல் வெளிவந்தது. ஹாலிவுட் முதலாளிகள் இதற்கான செலவைக் கைச்செலவுக் காசு என்றே சொல்லியிருப்பார்கள்.

ஐந்து இளவயதினர் வண்டியில் பிரயாணம் செய்கிறார்கள். வழியில் பெட்ரோல் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டு வரலாம் என்று போகிறார்கள். போனவர்கள் திரும்புவதில்லை. கடைசியில் ஒரே ஒரு பெண் தப்புகிறாள்.

ரத்த வெள்ளத்தை எதிர்பார்த்து உட்கார்ந்த நமக்கு ஆச்சரியம் காத்திருந்தது. இறைச்சிக் கொக்கி உடம்பில் ஏறுவதைப் பார்த்ததாகச் சத்தியம் செய்வோம். ஆனால் படத்தில் அது காட்டப்படவே இல்லை. ரத்தத்தைக் குறைத்ததால் சிறுவர்களும் பார்க்க அனுமதி கிடைக்கும் என்று டைரக்டர் நம்பினாராம்! பிரிட்டிஷ் தணிக்கையாளர்கள் 1975-ல் சான்று மறுத்தார்கள். பிறகு வெட்டிப் பார்த்தும் பயனில்லை. பயம் எந்தத் துண்டில் இருக்கிறதென்று கண்டு வெட்டுவது? அங்கே முழுச் சான்று கிடைக்க 1999 வரை ஆயிற்று. அமெரிக்காவிலோ 2024-ல் இப்படத்தைப் பாதுகாக்கத் தக்க தேசியச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள்.

அந்தப் பயம் சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம். கொலைகாரர்கள் குடும்பத்தோடு விருந்துக்கு உட்காருகிறார்கள். கதவைப் பாழாக்கிய தம்பியை மூத்தவர் கடிந்துகொள்கிறார். தள்ளாத தாத்தாவைத் தூக்கி வந்து மரியாதையாக உட்கார்த்துகிறார்கள். இறைச்சிக் கூடத்தில் அவர் சம்மட்டி அடித்த திறமையைப் பெருமையாகப் பேசுகிறார்கள். அந்தத் தொழிலில் புதிய கருவி வந்து ஆட்களுக்கு வேலை போயிற்று என்ற குறையையும் முன்பே கேட்டுவிட்டோம். இப்போது கட்டிப் போட்ட பெண்ணின் தலையில் அடிக்கும் கௌரவத்தைத் தாத்தாவுக்கே தருகிறார்கள். நடுங்கும் கையிலிருந்து சம்மட்டி நழுவி நழுவி விழுகிறது.

பெரியோரைப் பேணுதல், ஒற்றுமை, குலத்தொழிலில் பெருமை: வகுப்பில் வருஷந்தோறும் நாம் போதிக்கும் குணங்கள் அத்தனையும் அந்த வீட்டில் இருக்கின்றன! நம் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான். வாசற்படிக்கு வெளியே நிற்பவனும் மனிதன் என்ற நினைவு ஒன்றுதான் அங்கே இல்லை.

குழந்தைகளுக்கு இந்தப் படத்தைக் காட்டவே கூடாது. ஆனால் இல்லறத்துக்கு இலக்கணம் வகுத்த வள்ளுவர், வீட்டாரோடு நிறுத்தாமல் விருந்தினருக்கும் ஏன் ஓர் அதிகாரம் ஒதுக்கினார் என்பதை இனி வகுப்பில் சொல்லும்போது, நம் குரல் கொஞ்சம் அழுத்தமாகவே ஒலிக்கும்.