மைனருக்கு எஞ்சின் மாற்றவில்லை, எஞ்சின் செய்தோம்



"உங்கட மொரிஸ் மைனர ரோட்டில காணல்லயே, வித்துட்டீங்களா?" என்று ஜும்ஆவுக்குப் பிறகு கேட்டவர்கள் பல பேர், வட்ஸ்அப்பில் கேட்டவர்கள் அதைவிடக் கூட. எல்லோருக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறோம். விற்கவில்லை. நான்கு மாதமாக அதன் எஞ்சின் எங்கள் பின் விறாந்தையில் துண்டு துண்டாகக் கிடந்தது.

சென்ற வருடம் முழுக்க பலகடுவ ஏற்றத்தில் நீலப் புகை விட்டுக்கொண்டுதான் ஏறினோம். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "கழட்டி வீசிட்டு டட்சன் எஞ்சின் ஒண்டு வைங்க." நம் நாட்டில் பல மைனர்கள் அப்படித்தான் ஓடுகின்றன. அதில் தப்பும் இல்லை, இழுவை கூட. ஆனால் வாப்பா சம்மதிக்கவில்லை. பிள்ளைகள் நாங்களும் அவர் பக்கம்தான். பாசம் மட்டும் காரணமல்ல.

இந்த 948 சீசீ எஞ்சின் 1956இலிருந்து 1962 வரை மைனரில் வந்தது. திரும்பத் திரும்பச் செய்ய முடிந்த எஞ்சின். சிலிண்டர் தேய்ந்தால் போர் பண்ணி, அங்குலத்தில் ஆயிரத்தில் 10, 20, 30, 40 என்று பெரிய பிஸ்டன் போடலாம். 40உம் தேய்ந்தால் ஸ்லீவ் அடித்துப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். 1960களிலிருந்து 1977 வரை கார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் நம் பாஸ்மார் இப்படித்தான் நாட்டை ஓட வைத்தார்கள். அந்தக் கைப்பழக்கத்தை வெள்ளைக்காரனே தேடி வந்தான். இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் திருத்தும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், தனபால சமரசேகரவுடன் சேர்ந்து 'டியூரபிள் கார் கம்பனி' என்று இங்கே தொடங்கி, மைனர் உதிரிப்பாகங்கள் செய்து அங்கே அனுப்பினார். மைனர் பிறந்த நாட்டுக்கே இலங்கைச் சாமான்!

எங்கள் எஞ்சினைத் திறந்தால் பிஸ்டன் தலையில் 040 என்று இருந்தது. இனி ஸ்லீவ்தான். முதலில் கொண்டுபோன லேத்தில் "இந்த புளொக்குக்கு ஒண்டும் செய்ய ஏலா" என்று அனுப்பிவிட்டார்கள். விசாரித்து விசாரித்து ஒரு சிங்கள பாஸிடம் போய்ச் சேர்ந்தோம். எழுபது தாண்டியவர். கேஜை விட்டு மேலும் கீழும் அளந்து பார்த்து, வாப்பாவிடம் சிங்களத்தில் சொன்னார்: "நானா, இது இன்னும் உங்கள் பேரப்பிள்ளைக்கும் ஓடும். ஆனால் அடுத்த முறை செய்ய நான் இருக்க மாட்டேன்." மகன்மார் இருவரும் வெளிநாட்டில். மெஷினைப் பழைய இரும்புக்கு விலை பேசியிருக்கிறார்கள்.

அதனால் அவர் செய்ததை எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்து ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதினோம். ஸ்லீவ் அடித்தார், கிராங்க்கைக் கடைந்தார். 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்ற பிறகு பழைய ஹெட்டின் எக்ஸோஸ்ட் சீட் சீக்கிரம் தின்னப்படும் என்று கடினமான சீட்டும் போட்டுத் தந்தார். பெயாரிங், ரிங், கேஸ்கட் எல்லாம் பஞ்சிகாவத்தையில் இரண்டு சனிக்கிழமை அலைந்து எடுத்தது.

பூட்டும் வேலை வீட்டில். இதில் எங்களுக்கு மிகவும் பிடித்தது டப்பட் வைப்பது. எட்டு வால்வு. எட்டாவது முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவதை வைக்க வேண்டும், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. எப்போதும் கூட்டினால் ஒன்பது. இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 12. வாப்பாவுக்கு பீலர் கேஜின் எழுத்துத் தெரியாது இப்போது, ஆனால் இறுக்கத்தைக் கையால் சொல்கிறார். அளந்து பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது.

பழைய பிஸ்டன் ஒன்றைத் தரம் பத்து வகுப்புக்குக் கொண்டுபோனோம். உருளையின் கனவளவு பாடம். விட்டம் 62.94 மி.மீ., ஓட்டம் 76.2 மி.மீ., நான்கு சிலிண்டர், 22/7 போட்டுச் செய்தால் 948.7 வருகிறது. 40 போர் பண்ணியதற்குச் செய்தால் 979ஐத் தாண்டுகிறது. எப்போதும் கடைசி வாங்கில் தூங்கும் ஒருவன்தான் முதலில் விடை சொன்னான். "சேர், அப்ப ஒவ்வொரு முறை போர் பண்ணும்போதும் சீசீ கூடுது, சுவர் மெல்லிசாகுது." புத்தகத்தில் இல்லாத கேள்விக்கும் அவனே பதில் சொல்லிவிட்டான்.

போன ஞாயிறு பிளக்குகளைக் கழற்றி, ஒயில் லைட் அணையும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றி, பிறகு பிளக் போட்டுத் திருகினோம். மூன்றாவது தடவை பிடித்தது. புகை இல்லை, அல்ஹம்துலில்லாஹ். 500 மைல் வரை ஆறுதலாக ஓட்டி, ஹெட் நட்டையும் டப்பட்டையும் மறுபடி பார்க்க வேண்டும். அதுவரை உக்குவளைப் பக்கம்தான், பலகடுவ இல்லை.

பாஸின் மெஷின் இன்னும் போகவில்லை. இந்த மாதக் கடைசி வரைக்கும் விற்க மாட்டேன், வேலை பழக ஒரு பையன் வந்தால் யோசிக்கிறேன் என்றிருக்கிறார். நல்ல மனிதர், தமிழும் பேசுவார். ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளை யாராவது இருந்தால் இன்பொக்ஸ் பண்ணுங்கள், நாங்களே கூட்டிப் போகிறோம்.